சம்மட்டி வந்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும்

கல்குவாரிக் குடியிருப்பில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சம்மட்டி வீடு எது என்று கேட்டால் வாசல் வரை கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்வார்கள்.

ஆண்கள் தூக்குகிற எட்டு கிலோ சம்மட்டியைப் பதினாறு வயதிலேயே தூக்கி அடித்தவள். பெயர் அப்படி வந்தது. நிலைத்தது வேறு காரணத்தால். கூட வேலை செய்தவளின் கையைப் பிடித்து இழுத்த மேஸ்திரியை ஒரே அறையில் ஜல்லிக் குவியலில் உட்கார வைத்தாள். இரண்டு பல் போயிற்று. அன்றிலிருந்து அவள் நடந்து வந்தால் பெண்கள் சிரிப்பார்கள், ஆண்கள் வழிவிடுவார்கள். லாரி ஓட்டுகிற அவள் புருஷன் மட்டும் பயப்படவில்லை. “எங்க வண்டியில ஆக்ஸிலேட்டர் அவ, பிரேக் நான். என்ன, பிரேக் கொஞ்சம் லூசு” என்பான்.

அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வயதில் அதற்குக் காய்ச்சல் வந்தது. மதியமானால் நடுங்கும், சாயங்காலம் வேர்க்கும், அப்புறம் எழுந்து விளையாடும். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் பகலில் கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. புருஷன் லோடு ஏற்றிய லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தான். பாரத்தோடு வேகம் போகவில்லை என்று நடுரோட்டிலேயே மொத்த ஜல்லியையும் கொட்டிவிட்டு ஓட்டினான். ஆஸ்பத்திரி கேட் தெரிகிற தூரத்தில் குழந்தை அவள் மடியிலேயே அடங்கிவிட்டது.

“மலேரியா, மூளைக்கு ஏறிடுச்சு. ரெண்டு நாள் முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருந்தா புள்ள பிழைச்சிருக்கும்” என்றார் டாக்டர்.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் குவாரி ஆபீசுக்குப் போனாள். கல் எடுத்து முடித்த குழிகள் ஒவ்வொன்றிலும் குளம் மாதிரி மழைத்தண்ணீர் நின்றது. அதை இறைக்கச் சொன்னாள். மேனேஜர் டீ குடித்துக்கொண்டே, “கொசு எங்கதான் இல்ல? நான் என்ன கொசுவுக்கு வாட்ச்மேனா?” என்று கேட்டான். அவள் வெளியே போய்ச் சம்மட்டியோடு திரும்பி வந்தாள். கண்ணாடித் தடுப்பு, கம்ப்யூட்டர், மேஜை எல்லாம் போயிற்று. மேனேஜர் பீரோவுக்குப் பின்னால் இருந்ததால் தப்பினான். நாலு காவலாட்கள் சேர்ந்து அவளைத் தரையில் போட்டு மிதித்து, போலீசில் கொடுத்தார்கள். பதினோரு நாள் உள்ளே இருந்தாள்.

வெளியே வந்ததும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர். அவருடைய ஆட்கள் கொசுமருந்து அடிக்க வந்தால் பாதி வீடுகளில் கதவைத் திறப்பதில்லை.

“நீங்க கூட வந்தா திறப்பாங்கன்னு நினைக்கிறேன்” என்றார்.

“கொசுவை அடிக்கிற வேலையா?”

“அதான் வேலை.”

“அப்ப வர்றேன்” என்றாள்.

பத்து லிட்டர் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, கையால் காற்றடித்து, சுவருக்கு ஒரு முழம் தள்ளிக் குழாயைப் பிடித்து மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக அடிக்க வேண்டும். ரத்தம் குடித்த கொசு பாரத்தோடு போய் அந்தச் சுவரில் உட்காரும், உட்கார்ந்ததும் சாகும். சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு, இரண்டு மணி நேரம் குடும்பமே தெருவில் நிற்க வேண்டும். ஆறு மாதம் சுவருக்கு வெள்ளையடிக்கக் கூடாது. அதோடு, குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் மருந்து தோய்த்த நீலக் கொசுவலை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய், காய்ச்சல் கண்ட குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனை அட்டையில் விடுவதும் அவள் வேலை. கால் மணி நேரத்தில் ஒரு கோடு விழுந்தால் பயமில்லை. இரண்டு கோடு விழுந்தால் மலேரியா. அன்றைக்கே மாத்திரை.

சீக்கிரமே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஆனால் கேட்டு வாங்கத் தெரியவில்லை. கொசுவலையைக் குழியில் விரித்து மீன் பிடித்தவனை, வலையோடு சேர்த்துத் தண்ணீரில் தள்ளினாள். மருந்தடித்த மறுநாளே சுவருக்கு வெள்ளையடித்தவன் தலையில் சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்தாள். கண் எரிந்து அவன் மூன்று நாள் தடவித் தடவி நடந்தான். குழந்தையை வலைக்கு வெளியே தூங்கவிட்ட ஒருத்தியின் முடியைப் பிடித்துத் தெருவரை இழுத்துக்கொண்டு வந்தாள். கதவுகள் திறந்தன. இரண்டு சுற்றில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் மருந்தடித்தாயிற்று. ஆய்வாளர் நோட்டைப் பார்த்து, “எப்படிச் செய்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன்” என்று சிரித்தார். கேட்கவும் இல்லை.

மூன்றாவது தெருவில் ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவன். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் காலையில் அந்த வீட்டுக்குள் நுழைந்த சம்மட்டி, தையல் மேஜை மேல் நீலமாக ஏதோ குவிந்திருப்பதைப் பார்த்தாள். கொசுவலைகள். மூன்று நான்கு வீட்டு வலை இருக்கும். கவுனுக்கு அடியில் புசுபுசுவென்று நிற்பதற்காக தையல்காரி அவற்றை நீள நீளமாக வெட்டி வைத்திருந்தாள்.

“என்ன இது?”

“சும்மா கிடந்ததுக்கா. அவங்களேதான் கொண்டாந்து குடுத்தாங்க. புள்ளைங்க கவுனுக்கு நல்லா நிக்குது.”

“புள்ளையே நிக்காதுடி.”

“எங்க வீட்டு வலை நீ எப்ப சொன்னாலும் கட்டுறேன். இது அவங்க வலை. உனக்கு என்னக்கா?”

சம்மட்டி அறைந்தாள். தையல்காரி மேஜையில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்தது. அதோடு விட்டிருக்கலாம். தையல் மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் போட்டாள். சக்கரம் உடைந்து உருண்டு எதிர்வீட்டுச் சுவரில் போய் விழுந்தது. மேஜைக்கு அடியில் இருந்த குழந்தை அழக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

இந்தத் தடவை புகார் போயிற்று. ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டார். “இன்னொரு தடவை கை நீட்டினீங்கன்னா வேலை போயிடும். என்னால காப்பாத்த முடியாது” என்றார். தலையாட்டிவிட்டு வந்தாள்.

மழை தொடங்கியது. குழிகள் நிரம்பின. வாரா வாரம் அவள் வீடு வீடாகப் போய், “யாருக்காச்சும் காய்ச்சலா?” என்று கேட்டாள். “இல்லக்கா.” அடுத்த வீடு. “இல்லவே இல்லக்கா.” நோட்டு முழுக்கச் சைபர். மருந்து வேலை செய்கிறது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் காய்ச்சல்காரக் குழந்தைகளைப் பரண் மேலும் கட்டிலுக்கு அடியிலும் கொல்லைப்புறத்திலும் ஒளித்துவைக்கிறார்கள் என்பது குடியிருப்பில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காய்ச்சல் வந்தது வலை கட்டாததால்தான் என்று அடிப்பாளோ, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவாளோ என்று பயம்.

தையல்காரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“புள்ள எங்க?”

“பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா.”

உள்ளே கட்டில் கால் தரையில் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிற உடம்பு மேலே இருந்தால் கட்டில் அப்படித்தான் தட்டும். தன் வீட்டிலேயே கேட்ட சத்தம் அது.

“என்ன சத்தம்?”

“பூனை.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரியின் உதட்டில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சம்மட்டி நோட்டில் ஒரு சைபர் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் பகல், தையல்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலறியபடி ஓடினாள். பக்கத்திலேயே சம்மட்டியின் வீடு. அங்கே மாத்திரை இருந்தது, அட்டை இருந்தது, புருஷனின் லாரியும் நின்றது. அந்த வழியில் வராமல் குவாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஆரம்ப சுகாதார நிலையத்துப் படியில் கால் வைக்கும்போது குழந்தையின் கை தொங்கிவிட்டது.

சம்மட்டி குழாயடியில் மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தையல்காரியின் புருஷன், அந்தத் துளைக்காரன், நேராக வேலையிடத்திலிருந்து வந்தான். முகமெல்லாம் கல்தூசி, கண்ணிரண்டும் ஈரம், கையில் நாலடித் துளைக்கம்பி. முதல் அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். அவளுடைய இன்னொரு கையில் மருந்தடிக்கிற பித்தளைக் குழாய் இருந்தது. அவனைவிட அவளுக்குத்தான் வீச்சு அதிகம், அது அவனுக்கும் தெரியும். அவள் குழாயைக் கீழே வைத்தாள். அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது முட்டியில். விழுந்தாள். அப்புறம் மற்றவர்கள் வந்தார்கள். குழியில் தள்ளப்பட்டவன் வயிற்றில் உதைத்தான். சுண்ணாம்பு வாளிக்காரன் முகத்தில் மிதித்தான். முடியைப் பிடித்து இழுக்கப்பட்டவள் செருப்பைக் கழற்றி அடித்தாள். மருந்துத் தொட்டியைத் தூக்கிப் போட்டு மிதித்து நசுக்கினார்கள்.

தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“விட்டுடு. அவ சாகக் கூடாது. உசுரோட இருந்து நினைச்சுக்கிட்டே கிடக்கட்டும்” என்றாள் புருஷனிடம்.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குத் தகடு வைத்தார்கள். போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார்.

“அவன் அடிச்சது நிஜம். அதுக்கு முன்னாடி அவன் பொண்டாட்டிய நான் அடிச்சேன். மிஷினையும் உடைச்சேன். ரெண்டையும் எழுதுங்க” என்றாள்.

“உங்க மேலயும் கேஸ் வரும்மா.”

“வரட்டும். ஒண்ணை மட்டும் எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்.”

இரண்டையும் எழுதினார். துளைக்காரன் ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஆய்வாளர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். வேலை போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளே கேட்டாள்.

“அத்தனை சைபர் எழுதிக் குடுத்தேனே சார், உங்களுக்கும் சந்தேகம் வரலையா?”

“வந்துச்சு. சைபர் நல்லாயிருந்துச்சு, விட்டுட்டேன்” என்றார்.

அடுத்த மருந்துச் சுற்றுக்குப் புதிய ஆட்கள் வந்தபோது, மருந்து என்றாலே அடி என்று வெறுத்துப்போயிருந்த குடியிருப்பே கல்லைக் கையில் எடுத்தது. அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்காரர் ஒருவருக்கு மண்டை பிளந்து ஆறு தையல். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதம் கடைசித் தெருவில் ஒரு கைக்குழந்தை செத்தது. பிறகு முதல் தெருவில் ஒன்று.

இரண்டாவது சாவுக்கு மறுநாள், வளைந்து போன கையோடு சம்மட்டி தையல்காரி வீட்டுக்கு முன்னால் தெருவில் போய் நின்றாள். உச்சி வெயில். தையல்காரி உள்ளே ஒரு துணியைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது, ஐந்து மாதம் இருக்கும்.

“போயிடு” என்றாள் தலையைத் தூக்காமல்.

“மருந்தடிக்க விடச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. வயித்துல இருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறேன்.”

கத்தரிக்கோல் பறந்து வந்தது. புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது. ரத்தம் கண்ணில் வடிந்து ஒரு பக்கம் தெரியவில்லை. சம்மட்டி குனிந்து கத்தரிக்கோலை எடுத்து, வாசற்படியில் வைத்துவிட்டு, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றாள். கழுத்து வரை ரத்தம் இறங்கியது. எதிர்வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, யாரும் வெளியே வரவில்லை.

தையல்காரிதான் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“அன்னைக்குக் கட்டில் ஆடுச்சே. உனக்குக் கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு.”

“பூனைன்னேன். நம்பிட்டியா?”

“நம்பல.”

“அப்புறம் ஏன்டி போனே? என்னைத் தள்ளிட்டு உள்ள வர உனக்குத் தெரியாதா? ஊர்ல எல்லார் வீட்டுக்குள்ளயும் புகுந்தியே.”

“கை நீட்டினா வேலை போயிடும்னு சொல்லியிருந்தாங்க. உன்கிட்ட சண்டை வேண்டாம்னு அன்னைக்கு ஒருநாள்தான் நினைச்சேன்.”

தையல்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினாள். சம்மட்டி தெருவில் நின்றபடியே அழுதாள். ரத்தமும் அதுவும் கலந்து வழிந்தது. பக்கத்தில் போகவில்லை. போனால் அவள் கத்துவாள் என்று தெரியும்.

“நீ என் வீட்டுக்குள்ள வரக் கூடாது” என்றாள் தையல்காரி கடைசியில்.

“வரல.”

“கூப்பிடாம எவ வீட்டுக்குள்ளயும் போகக் கூடாது.”

“போகல.”

“மருந்தை அனுப்பச் சொல்லு.”

அந்த வாரம் மருந்துக்காரர்கள் திரும்ப வந்தபோது, முதலில் தன் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டது தையல்காரிதான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததால் யாரும் கல்லெடுக்கவில்லை. சம்மட்டிக்கு ஆய்வாளர் சம்பளமில்லாத ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி நிழலில், சோதனை அட்டைகளோடு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் வரலாம். முதல் பத்து நாள் ஒருவரும் வரவில்லை. லாரி ஓட்டிக்கொண்டு போகிற புருஷன் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “டாக்டரம்மா, எனக்குக் கொட்டாவி வருது, பார்க்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவான். பதினோராம் நாள் சுண்ணாம்பு வாளிக்காரன் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. பையனின் விரலைப் பிடித்தாள். இரண்டு கோடு. மூன்று நாள் மாத்திரையில் பையன் எழுந்துவிட்டான். அதற்குப் பிறகு வந்தார்கள்.

ஆனால் குழிகள் அப்படியே இருந்தன. சுவருக்கும் வலைக்கும் தப்பி, கொசு தினமும் ஆயிரக்கணக்கில் பிறந்துகொண்டிருந்தது. மனு கொடுத்தார்கள், இன்னொரு மனு கொடுத்தார்கள். அடுத்த மழைக்கு முன்பு ஒரு காலையில், கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பதினோரு பெண்கள் குடியிருப்புக்கு மேலே இருந்த பெரிய குழிக்குப் போனார்கள். குழியின் ஒரு கரையை வெட்டினால் தண்ணீர் ஓடைக்குப் போய்விடும். “யாரும் திருப்பி அடிக்கக் கூடாது. அடிச்சா அவனுங்களுக்கு அதுதான் சாக்கு” என்று சம்மட்டி எல்லோருக்கும் சொல்லி அழைத்துப் போனாள். அவள் வாயால் அதைக் கேட்க இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரியும் வந்திருந்தாள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு.

கரையில் முழங்கால் ஆழம் வெட்டியிருப்பார்கள், ஆறு காவலாட்கள் தடியோடு வந்தார்கள். மேனேஜர் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான். பேச்சே இல்லை, அடிதான். ஒருத்திக்கு மணிக்கட்டு போயிற்று. ஒருத்தி சரிவில் உருண்டு பாறையில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டாள். தையல்காரியின் உச்சந்தலையில் தடி இறங்கியது, அப்படியே மண்டியிட்டாள். இரண்டாவது முறை தடி உயர்ந்தபோது சம்மட்டி இருந்த ஒரு நல்ல கையால் அதைப் பிடித்தாள். காவலாள் இழுத்தான், உலுக்கினான், அவளுடைய தகடு வைத்த முழங்கையில் காலால் உதைத்தான். அவள் விடவில்லை. உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. கடைசியில் தடி அவள் கைக்கு வந்துவிட்டது. அவன் இரண்டடி பின்னால் போய்த் தலையைக் கையால் மறைத்துக்கொண்டான். அவள் அதைக் குழித்தண்ணீரில் எறிந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். தடி முதுகில் விழ விழ வெட்டினாள்.

சத்தம் கேட்டுக் குவாரியிலிருந்து ஆண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் துளைக்காரன். பெண்டாட்டியின் தலையைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். பாறை எங்கே மெல்லிசு என்று அந்த ஊரில் அவனுக்குத்தான் தெரியும். ஒரு கடப்பாரையைப் பிடுங்கி, பெண்கள் வெட்டிய இடத்துக்கு இரண்டடி தள்ளி ஊன்றி, நாலு குத்து குத்தினான். கரை உடைந்தது. பச்சைத் தண்ணீர் பேரிரைச்சலோடு ஓடையில் பாய்ந்தது. நின்ற இடம் சரிந்து காவலாட்கள் இரண்டு பேர் அதோடு போனார்கள். ஆண்கள்தான் அவர்களையும் இழுத்துப் போட்டார்கள். வெயில் ஏற ஏறக் குழியின் அடிச்சேற்றில் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து காய்ந்தன.

பதினோரு பெண்கள் மேலும் வழக்கு. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு மேலதிகாரிகளும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, மற்றக் குழிகளைக் கழிவுக் கல் போட்டு மூட உத்தரவு போட்டார்கள். மூடுவதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு குழி இன்னும் மிச்சமிருக்கிறது.

துளைக்காரன் மேல் இருக்கிற வழக்கு, சம்மட்டி மேல் இருக்கிற வழக்கு, குழி வழக்கு எல்லாம் ஒரே கோர்ட்டில் நடக்கின்றன. வாய்தா அன்று எல்லோரும் சம்மட்டி புருஷனின் லாரியில்தான் போகிறார்கள். துளைக்காரன் பின்னால் ஏறிக்கொள்வான். அவனும் சம்மட்டியும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. “வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாம் ஏறியாச்சா? வண்டியை எடுக்கட்டுமா?” என்று புருஷன் குரல் கொடுப்பான். யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள்.

கரை உடைந்த அந்த வருட மழைக்காலத்தில் குடியிருப்பில் இரண்டே குழந்தைகளுக்கு இரண்டு கோடு விழுந்தது. இரண்டும் பிழைத்தன.

போன மாதம் ஒரு பகலில் தையல்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு வயதுக் குழந்தை, உடம்பு கொதித்தது. தண்ணீர்த் தொட்டியடியில் யாரும் இல்லாததால் நேராகச் சம்மட்டியின் வீட்டுக்குள்ளேயே வந்து, தரையில் உட்கார்ந்து, குழந்தையின் விரலை நீட்டினாள். சம்மட்டிக்கு இடது கை சரியாக மடங்காது. தையல்காரி விரலைப் பிடித்துக்கொள்ள, அவள் குத்தினாள். குழந்தை வீரிட்டது. அட்டையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு கோடுதான்” என்றாள் சம்மட்டி. “சளிக்காய்ச்சலா இருக்கும். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு. எங்க வீட்டுக்காரர் வண்டி வெளியதான் நிக்குது.”

தையல்காரி இன்னும் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுந்தாள்.

“நாளைக்கும் காய்ச்சல் இருந்தா?”

“நாளைக்கும் வா.”

அவள் லாரியைப் பார்த்து நடந்தாள்.